சர்க்கரை வேண்டாம் என்று எழுதிய சீட்டு

“மன்னி, ராகிப்பால் காய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். நேந்திரம்பழம் வேகவைத்து மசித்தது எவர்சில்வர் டப்பாவில். இரண்டையும் சின்னத் தீயில் கிளறி, பேரீச்சை விழுது சேர்த்து, தேங்காய்ப்பால் கடைசியில். சர்க்கரை வேண்டாம். தித்திப்பு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு வந்துவிடுவேன்.”

இது என் சித்தி என் அம்மாவுக்கு எழுதிய சீட்டு. தேதி போடவில்லை. ஆனால் எழுதியிருப்பது தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில். முன்புறம் சிங்க மாதத்து, அதாவது ஆவணியின், அவிட்ட நாள் அச்சாகியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு நாளின் தாளை மறுநாள் காலையில்தான் கிழிப்பார்கள். ஆகவே எழுதியது சதயத்தன்று காலை, திருவோணம் கழிந்த இரண்டாம் நாள். சதயம் அப்பாவின் நட்சத்திரம், அன்று அவருக்குப் பிறந்தநாள். எனக்கு ஒன்பது வயது. ஓணப் பரீட்சை முடிந்து விடுமுறை. இவ்வளவும் உறுதி.

வலியசாலை வீட்டில் அப்போது ஐந்து பேர். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அந்தச் சித்திரையில் அவருக்கு மனைவியாக வந்த சித்தி. சித்திரைக்கு முன்பு சித்தப்பா என்னுடையவராக இருந்தார். சனிக்கிழமை மாலைகளில் ஸ்கூட்டரின் முன்னால் என்னை நிறுத்திக்கொண்டு கிழக்கேகோட்டைக்குப் போய் ஐஸ்கிரீம் வாங்கித் தருவார். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமை நான் கவுன் மாற்றிக்கொண்டு வாசலில் நின்றபோது, “சித்தி சொல்றா, அதுல சத்தே இல்லையாம், கேட்டியா,” என்றார்.

சித்தி சென்னைக்காரி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று சொல்லும் வேலை. அன்று மாலை அவள் பழுத்த வாழைப்பழத்தை உறையவைத்து மிக்ஸியில் அரைத்து, மேலே நிலக்கடலைப் பொடி தூவி, கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். “இதுவும் ஐஸ்கிரீம்தான், சாப்பிட்டுப் பாரு.” சாப்பிட்டேன். அது நன்றாக இருந்ததுதான் என்னால் பொறுக்க முடியாத விஷயம். பாதியைக் குழாயடியில் கொட்டிவிட்டு, கொட்டியதற்காக வருத்தப்பட்டேன்.

பள்ளிக்கு எள்ளும் பேரீச்சையும் இடித்த உருண்டை கொடுத்தனுப்புவாள். என் பெஞ்சில் உட்காரும் பெண் ஒன்றைத் தின்றுவிட்டு, “எடீ, இது நின்றெ அம்ம உண்டாக்கியதோ? அடிபொளி!” என்று மலையாளத்தில் மெச்சினாள். ஆமாம், அம்மாதான் என்றேன். அந்த வருடம் முழுக்க எங்கள் வகுப்பில் எள்ளுருண்டைக்கான பெயர் அம்மாவுக்கே போயிற்று.

அம்மாவுக்கு இரவல் பெயர் தேவையில்லை. அவள் வெல்லம் போட்டுக் கிளறும் அடைப்பிரதமன் பாயசத்துக்கு எங்கள் தெருவில் மறுபேச்சு கிடையாது. அப்பாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதுதான். கடைசியில் வெண்கல உருளியை வழித்துச் சாப்பிடும் உரிமை எனக்கு. ஆனால் அந்த ஆடியில் டாக்டர் அப்பாவின் ரத்தத்தைப் பார்த்து, இனிப்பைக் குறைக்கச் சொல்லி எச்சரித்திருந்தார். சித்தி விரலில் குத்திப் பார்க்கும் சின்ன மிஷின் ஒன்றை வாங்கிவந்தாள். பிறகு, வெல்லமே இல்லாமல் ஒரு பாயசம் செய்ய முடியும் என்றாள்.

“அப்படியா? இந்தத் தடவை நீயே பண்ணேன். நன்னா இருந்தா, இனிமே ஆத்து விசேஷத்துக்கெல்லாம் அதுதான்,” என்றார் அப்பா.

“அதுக்கென்ன, பண்ணட்டுமே,” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, ஓணத்துக்காக அன்றைக்குத்தான் தேய்த்துவைத்த உருளியை மறுபடி தேய்க்க உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவணி பிறப்பதற்கு முன்பு ஒருநாள் சித்தி என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனாள். விருந்தாளிக்குக் காப்பி போட, சர்க்கரை அரைக்கிலோ கேட்டாள். கடைக்காரர் பழுப்பு நிற வெல்ல உருண்டைகளை நிறுத்துக் கொடுத்தார். சித்தி மறுத்தாள். “சேச்சி சர்க்கரயல்லே பறஞ்ஞது? இதா சர்க்கர!” என்று அவர் சிரித்தார். எல்லாரையும்விட அதிக நேரம் சிரித்தது நான். பிறகு பெரிய மனுஷியாக விளக்கினேன். இந்த ஊரில் சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளையாக இருப்பது பஞ்சாரை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம்.

“ஐயையோ, அப்போ ஆஸ்பத்திரியில எத்தனை பேருக்கு வெல்லத்தை மட்டும் நிறுத்தினேனோ!” என்று சித்தியும் தலையில் கைவைத்துச் சிரித்தாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. அவள் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனாலும் நாக்கின் பழக்கம் சில வாரங்களில் போய்விடாது. சதயத்தன்று அவசரமாக டியூட்டிக்குக் கிளம்பியவள், சென்னைத் தமிழிலேயே சீட்டை எழுதிவைத்துவிட்டாள்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை ஓயவில்லை. “அவ என்ன எழுதியிருக்கா, வாசி,” என்றாள். வாசித்தேன்.

“சர்க்கரை வேண்டாம்னா எழுதியிருக்கா?”

“ஆமாம்.”

“சர்க்கரைன்னுதானே?”

“சர்க்கரைன்னுதான் போட்டிருக்கு,” என்றேன். அது பொய்யில்லை. சித்தி எதை நினைத்து எழுதினாள் என்பது எனக்குத் தெரியும். வாய்வரை வந்தது. உருளியைப் பார்த்தேன். இது நன்றாக அமைந்துவிட்டால் அடுத்த வருடமும் இதே, அதற்கடுத்த வருடமும் இதே. சும்மா இருந்துவிட்டேன்.

அம்மா கிளறினாள். சொன்னபடியே பேரீச்சை விழுதைச் சேர்த்தாள். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். “தித்திப்பே இல்லை. பார்த்துக்கோன்னு அவளே எழுதியிருக்காளே,” என்று சொல்லிக்கொண்டு, பஞ்சாரை டப்பாவைத் திறந்து பெரிய கரண்டியால் அள்ளிப் போட்டாள். பிறகு இன்னொன்று.

மதியம் அப்பா மூன்று கிண்ணம் சாப்பிட்டார். “இதுல ஒண்ணுமே சேர்க்கலையா? நம்பவே முடியலையே! டாக்டருக்கே ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பலாம்,” என்றார். நான் குழம்பிப்போனேன். கெட்டுப்போக வேண்டிய பாயசம் இப்படிப் பெயர் வாங்கும் என்று நான் நினைக்கவில்லை. சித்தி வீட்டில் இல்லாமலே ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு வந்தவள், கைப்பையைக்கூடக் கழற்றாமல் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

“மன்னி, இதுல என்ன போட்டேள்?”

“நீ சர்க்கரை வேண்டாம்னு எழுதியிருந்தே. நான் சர்க்கரையைத் தொடவேயில்லை. பஞ்சாரைதான் ரெண்டு கரண்டி.”

முதலில் சிரித்தது சித்தப்பா. சோபாவில் விழுந்து சிரித்தார். சித்தி சிரிக்காமல் மிஷினை எடுத்துவந்து அப்பாவின் விரலில் குத்தினாள். அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. அப்பாவை வேகமாக நடக்கச் சொல்லித் தெருவுக்கு அனுப்பினார்கள். இரவுச் சாப்பாடு வெறும் மோர். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், “இந்தப் பரீட்சையெல்லாம் போதும்மா. மன்னியோட பிரதமனே ஒரு ஸ்பூன் சாப்பிட்டுட்டு எழுந்துக்கறேன்,” என்றார்.

“என் தப்புதான். நான் வெள்ளைச் சர்க்கரைன்னு எழுதியிருக்கணும்,” என்றாள் சித்தி. “இந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரியாமப் போச்சு.”

தெரியாமல் போகவில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ‘தெரியாமப் போச்சு’ என்று சொன்னபோது அவள் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அடுத்து, ‘குழந்தைக்குக்கூடத் தெரியுமே’ என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அவளுக்குக் கடைத்தெரு மறந்துவிட்டது, நான் தப்பித்தேன் என்றுதான் அன்று நினைத்தேன். துலாம் மாதத்தில், அதாவது ஐப்பசியில், அவர்கள் கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிபோனார்கள். ஆபீஸுக்குப் பக்கம் என்று சித்தப்பா சொன்னார். சனிக்கிழமைகளில் அவர் வரவில்லை. அடுத்த வருடச் சதயத்துக்குப் பிரதமன் வந்தது, உருளியும் எனக்கே வந்தது. தண்டனையைக் கேட்டு வாங்கியதுபோல உட்கார்ந்து வழித்தேன்.

அந்தச் சமையலறையில் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்திதான் என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன்.

சென்ற மாதம் தஞ்சாவூரில் பெரியம்மா, தன் தங்கையான என் அம்மா எழுதிய பழைய கடிதங்களை என்னிடம் கொடுத்தாள். எங்கள் வீட்டில் பழைய காகிதம் சேர்ப்பவள் நான்தான் என்பதால். அதில் ஓர் இன்லண்ட் கடிதம், அம்மா கல்யாணமாகி வலியசாலைக்கு வந்த முதல் மாதத்தில் எழுதியது. தபால் முத்திரை தெளிவாக இல்லை, ஆனால் உள்ளே ஆடி என்று போட்டிருக்கிறது. “இங்கே சர்க்கரை என்று கேட்டால் வெல்லத்தைக் கொடுக்கிறார்கள். நம் சர்க்கரைக்கு இங்கே பஞ்சாரை என்று பெயராம். தெரியாமல் வெல்லத்தை வாங்கி வந்து காப்பியில் போட்டுப் பால் திரிந்துவிட்டது. வந்தவர்கள் முன்னால் எல்லாரும் சிரித்தார்கள். இந்த ஜென்மத்தில் எனக்கு இது மறக்காது.”

கையெழுத்து அம்மாவுடையதுதான். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். சதயத்தன்று காலையில் அவளுக்கு இது நினைவிருந்ததா என்பது உறுதிசெய்யப்படவில்லை. அம்மா இருக்கிறாள், பக்கத்து அறையில்தான். நான் இன்னும் கேட்கவில்லை.