வெள்ளிக்கிழமை மட்டும் மக்கர் செய்த ப்ளூடூத்

"இன்னா சார் உங்க சாப்ட்வேரு? வெள்ளிக்கெழமன்னா அதுக்கும் வெரதமா?"

தி. நகர் பாத்திரக் கடை முதலாளி போனில் போட்ட கூச்சலில் எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் விழித்துக்கொண்டார்கள். நான் அந்த பில்லிங் சாப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் ஆள். லேப்டாப்பிலிருந்து ப்ளூடூத் சீரியல் போர்ட் என்ற கம்பியில்லா இணைப்பு வழியாகச் சின்ன பிரிண்டருக்கு பில் போகும். வெள்ளிக்கிழமை மட்டும் 'போர்ட் பிஸி' என்று நின்றுவிடும். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால்தான் விமோசனம்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தக் கட போச்சுன்னா நீயும் கூடவே கெளம்பிடுப்பா." விளையாட்டுக்குப் பேசுகிறவர் இல்லை அவர்.

அடையாறு ஆபீஸில் ஏசியில் உட்கார்ந்து பில்லாக அடித்துப் பார்த்தோம். அமோகமாக வந்தது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் கம்பெனிக்குக் கோளாறைச் சொல்லி பக் ரிப்போர்ட் போட்டேன். 'வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருகிறது' என்று எழுதிய மகான் நானே. தங்களிடம் அந்தக் கோளாறை வரவழைக்க முடியவில்லை என்று நன்றி சொல்லி மூடிவிட்டார்கள்.

முதலாளிக்குப் போன் போட்டேன். "பிரிண்டர நடுவுல ஆஃப் பண்றீங்களாண்ணே?"

"நான் ஏன்பா ஆஃப் பண்றேன்? எனக்கு வேற வேல இல்ல?"

அடுத்த வெள்ளிக்கிழமை கடையிலேயே போய் நின்றேன். காலையில் பில் ஒழுங்காக வந்தது. ராகு காலம் முடிந்ததும் பூஜை. கல்லாவுக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு. பிரிண்டரிடம் வந்த முதலாளி சுவிட்சை அணைத்து, ஈரத் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி ஆன் செய்தார். பில்லிங் திரை திறந்தபடியே இருந்தது. அடுத்த பில்லுக்கு 'போர்ட் பிஸி'.

"அண்ணே, ஆஃப் பண்ணீங்களே!"

"அது ஆஃபா? பூஜப்பா!"

திறந்திருக்கும் போர்ட்டில் பிரிண்டர் அணைந்தால், ஆப்பரேட்டிங் சிஸ்டம் பழைய இணைப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது. நாங்களோ ஒவ்வொரு டெஸ்ட்டிலும் சாப்ட்வேரை ஒழுங்காக மூடிவிட்டுத்தான் பிரிண்டரை அணைத்துத் தொலைத்திருக்கிறோம்.

'பூஜைக்குப் பிறகு வருகிறது' என்று திரும்பவும் ரிப்போர்ட் போட்டேன். 'பூஜை என்பது எந்த டிரைவர் சாப்ட்வேர்? வெர்ஷன் அனுப்பவும்' என்று பதில் வந்தது. தலையில் அடித்துக்கொண்டு, போர்ட்டைத் திற, பிரிண்டரை அணை, ஆன் செய், பில் அடி என்று மட்டும் எழுதினேன். அவர்களுக்கும் அதே கோளாறு வந்தது. அப்டேட்டும் வந்தது.

இப்போது டெஸ்டிங்குக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வாடிக்கையாளர் 'ஒண்ணுமே பண்ணல' என்றால் வாதாடாதீர்கள். போய்ப் பக்கத்தில் நின்று அவர் கையைப் பாருங்கள்.

அப்டேட் போட்ட வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்ததும் பில் சரசரவென்று வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது. முதலாளி பில்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாத்தியா? போன வாரமே முருகனாண்ட சொல்லிட்டேன். அவன்தான் சரி பண்ணிட்டான்."

"ஆமாண்ணே" என்றேன். வேலை எனக்கு, பேர் முருகனுக்கு. அந்தப் பங்கீட்டில் எனக்கு ஒரு புகாரும் இல்லை.