கோமதி மேடம் ஒத்திகை பார்த்த சுதந்திரம்

கோமதி மேடம் போய்விட்டார் என்று, அவரிடம் என்னோடு படித்த சுந்தரி போனில் சொன்னபோது நான் நவி மும்பையில் கோபர்கைரனே மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டு அழுதாள். நான் சொத்தையைத் தள்ளிவிட்டு நல்லதாக நாலு எடுத்துப் போட்டேன். அழுகை ஓய்ந்ததும் விஷயத்துக்கு வந்தாள். மாட்டுங்காவில் இரங்கல் கூட்டமாம், நினைவு மலர் ஒன்று போடுகிறார்களாம், மேடத்திடம் படித்தவர்கள் எல்லாரும் எழுதுகிறார்களாம். "நீயும் நாலு வரி குடு பாக்கியம். ஆனா நல்லதா எழுது. உன் வாயைக் கொஞ்சம் கட்டிப் போடு" என்றாள்.

செத்த மறுநாளே எல்லாரையும் உத்தமராக்கிவிடுவதில் நம்மவர்களுக்கு ஈடு கிடையாது. மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். குழந்தைகளின் தாய், மழலையரின் விடுதலைக்கு விளக்கேற்றியவர், இன்னும் என்ன கண்றாவியோ. அவரிடம் படித்த உங்களுக்கு, நான் கண்ட மேடத்தை எழுதுகிறேன். மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தாராவியில் ஒரு பாலர் பள்ளியில் நான் ஆயாவாக இருந்தேன். பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பேன், ஒன்றுக்குக் கூட்டிப் போவேன், பாய் சுருட்டுவேன். வருகிற ஜூனுக்குள் பயிற்சி முடித்து சர்டிபிகேட் கொண்டுவந்தால் டீச்சராக்குகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன், நீ ஆயாவாகவே இரு என்று பள்ளிக்காரர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் மேடம் நடத்திய டீச்சர் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். பெரியவர்கள் திணிக்காமல், குழந்தை தனக்கு வேண்டிய வேலையைத் தானே எடுத்துத் தானே கற்றுக்கொள்ளும் முறையை அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். கேட்கும்போது எனக்குப் புல்லரித்தது. அப்போது எனக்கு விவரம் பத்தாது.

அந்தச் சுதந்திரத்தை நாங்கள் மனப்பாடம் செய்தோம். 'குழந்தையின் சுதந்திரம் என்றால் என்ன' என்ற கேள்விக்கு மேடம் இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். அர்த்தம் பாதி பேருக்குத் தெரியாது. காலையில் குழாயடி வரிசையில் குடத்தை வைத்துவிட்டு நான் அதை முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். பின்னால் நிற்கிறவள் "என்னட்டி, ஜெபமா?" என்பாள். மதியம் மேடம் முன்னால் ஒப்பிக்க வேண்டும். ஒரு வார்த்தை மாறினால் பிள்ளை பெற்ற பெண்களைக்கூடக் கைகட்டி நிற்க வைப்பார். "சொந்தமா யோசிக்காதீங்கோ. பரீட்சையிலே அதுக்கு மார்க் கிடையாது" என்பது அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம். மலரின் அட்டையில் போடலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். யாரும் பார்க்காத நேரத்தில் அந்த அம்மாள் வேறு ஆளாக இருந்தார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி மையத்து வராந்தாவில் நின்றபோது உள்ளே பிள்ளைகள் வகுப்பைப் பார்த்தேன். ஒரு பையன் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மேடம் எதிரே தரையில் உட்கார்ந்து, கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிப் பித்தானை அவனே மாட்டி முடிக்கும்வரை அசையவில்லை. வித்தை தெரிந்தவர்தான், தெரியாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். தெரிந்துகொண்டே அதற்கு நேர்மாறாகச் செய்தார் என்பதால்தான் எனக்கு இத்தனை இளக்காரம்.

செய்முறைத் தேர்வுக்கு மார்க் போட வெளியிலிருந்து ஒரு மராட்டிய அம்மாள் வருவார். பயிற்சி எடுப்பவரிடம் ஒரு குழந்தையை விடுவார்கள். குழந்தை அலமாரியிலிருந்து தனக்குப் பிடித்த வேலையை எடுக்கும்; நாங்கள் குறுக்கிடாமல் துணையிருக்க வேண்டும். முந்தைய வருடம் ஒரு குழந்தை எதையும் எடுக்காமல் அழுது ஊரைக் கூட்டிவிட்டதாம், மையத்துக்குப் பேர் கெட்டதாம். அதனால் மேடம் ஒத்திகை வைத்தார். எந்தக் குழந்தைக்கு எது பிடிக்க வேண்டும் என்று அவரே முடிவுசெய்து, சாக்லேட் கொடுத்துப் பழக்கினார். "சாய்ஸ் குழந்தையோடதுதான். நாம கொஞ்சம் ஞாபகப்படுத்தறோம், அவ்வளவுதான்" என்றார். எங்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை, சர்டிபிகேட் அவர் கையில் இருந்தது.

எனக்குக் கொடுத்த குழந்தை வித்யா, நாலு வயது, மாட்டுங்காக்காரி. அவளுக்கு முதலில் ஜக்கிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவது பிடித்திருந்தது, அதாவது மேடத்துக்கு. வித்யா தண்ணீரைச் சிந்தினாள் என்று பித்தான் மாட்டுவதைப் பிடிக்க வைத்தார். அது ரொம்ப நேரம் எடுக்கிறது என்று மணி கோப்பதற்கு மாற்றினார். கடைசியில் மறுபடியும் தண்ணீர். குழந்தை அதற்குள் தலைசுற்றிப் போயிருந்தது.

தேர்வன்று நான் பாயை விரித்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தேன். மராட்டிய அம்மாள் சிரித்துக்கொண்டே வித்யாவிடம் இந்தியில் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். வித்யா அலமாரியைப் பார்த்தாள், ஜக்கைப் பார்த்தாள், பிறகு அறை மூலையில் நின்ற மேடத்தின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமி, இன்னிக்கு எனக்கு எது பிடிக்கணும்?" என்று கேட்டாள்.

மராட்டிய அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. குழந்தை என்ன கேட்டது என்றார். மேடம் கண்ணிமைக்காமல், பாத்ரூம் போகணுமாம் என்று இந்தியில் சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்கு என்ன தோன்றியதோ, என் பக்கம் திரும்பி அப்படியா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் ஜூனில் நான் டீச்சர். மேடத்தின் கண் என்மேல் நின்றது.

என் தாராவி இந்தியில் சொன்னேன்: "நஹி மேடம். ஆஜ் மேரே கோ க்யா பசந்த் ஹோனா மாங்தா, ஐசா பூச்தி ஹை." குழந்தை கேட்டதை அப்படியே சொல்லிவிட்டேன்.

துணிச்சல் என்று சுந்தரி இன்றைக்கும் சொல்கிறாள். மண்ணாங்கட்டி. அந்தப் பிள்ளை கேட்டது அவ்வளவு நியாயமான கேள்வியாக இருந்தது. அதைப் பாத்ரூமுக்கு அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. மேடம் ஒரு நொடிகூடத் திணறவில்லை. முகம் மலர இங்கிலீஷில் விளக்கினார். இந்தப் பெண் தாராவியிலிருந்து வருகிறவள், மார்க்குக்கு ஆசைப்பட்டுக் குழந்தையைத் தானே தயார் செய்துவிட்டாள், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை என்றார். மராட்டிய அம்மாள் எழுதிக்கொண்டார். அடுத்த குழந்தையோடு உட்கார்ந்திருந்த சுந்தரி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வித்யா யாரும் சொல்லாமலே ஜக்கை எடுத்து ஊற்ற ஆரம்பித்தாள், ஒரு சொட்டுச் சிந்தாமல். அதை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

படி இறங்கும்போது மேடம் மேலே நின்று கூப்பிட்டார். "உண்மையைச் சொல்லி என்னடி கண்டே? நாளைக்கும் நீ மூக்குத்தானே துடைக்கப் போறே?"

அதில் தப்பில்லை. துடைத்தேன். என் இடத்தில் வேறொரு பெண்ணை டீச்சராகப் போட்டார்கள். அவளுக்கும் நான்தான் பாய் சுருட்டினேன். தாதரில் வேறொரு மையத்தில் முதலிலிருந்து படித்து நான் சர்டிபிகேட் வாங்க இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடத்தில் மேடத்துக்குச் சால்வை போட்ட மேடைகளைப் பற்றி இந்த மலரில் யாராவது கட்டாயம் எழுதுவார்கள்.

மேடத்திடமிருந்து என்ன எடுத்துக்கொண்டாய் என்று கடைசியில் எழுத வேண்டுமாம், சுந்தரி சொன்னாள். சொல்கிறேன். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வரும் பிள்ளைகளில் ஒன்றாவது அலமாரி முன்னால் போய் நிற்கும், கையை நீட்டும், நீட்டிய கையோடு என் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். உடனே நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். என் முகத்தில் பதில் கிடைக்காது என்று அதற்குத் தெரியும்வரை திரும்ப மாட்டேன். பின்னால் ஏதோ ஒரு சாமான் அலமாரியிலிருந்து எடுபடும் சத்தம் கேட்கும். எதை எடுத்தது என்றுகூடப் பார்க்க மாட்டேன். அந்த நேரத்தில் மேடத்தை நினைக்காமல் இருந்த வருடம் ஒன்றுகூட இல்லை. நன்றியோடு அல்ல.