நம்பர் மட்டும் சொல்லுங்க, மாமா

கரும்பு மெஷினைப் பிடித்தபடியே என் மாமனார் சரிந்தார்.

போன மாதம், பௌர்ணமிக்குச் சில நாள் முன்பு. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் கரும்பு ஜூஸ் கடை. கடைக்குப் பின்னால்தான் வீடு. நல்லவேளை, கை மெஷினுக்குள் போகவில்லை. நானும் அத்தையும் – என் மாமியார் – ஓடிப்போய்த் தூக்கினோம். முகமும் உதடும் வெளுத்துப் போயிருந்தன.

"ஒன்னும் இல்லமா. சூடு ஜாஸ்தியாயிடுச்சி. பௌர்ணமி முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

இந்தப் 'பௌர்ணமி முடியட்டும்' எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக ஓடுகிறது. ஒன்று முடிந்தால் அடுத்தது வராமலா போய்விடும்?

அத்தை என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய்க் குரலை இறக்கினார். "மூலம்மா. ரத்தம் போவுது. நாட்டு மருந்துக் கடையில பொடி வாங்கிச் சாப்புடறாரு. உங்கிட்ட சொன்னேன்னு தெரிஞ்சா என்னை உண்டு இல்லைனு ஆக்கிடுவாரு."

நான் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறவள் என்பது தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் ஒரு டாக்டர் எழுதிவைத்த நோயை, அதற்குரிய எண்ணாக மாற்றுவது என் வேலை. மூலத்துக்கும் எண் உண்டு. அதிலும் கிரேடுக்கு ஒரு எண். கண்காணாத தேசத்தில் யார் யாருடைய மூலத்தையோ காலையிலிருந்து தரம் பிரிக்கிறேன் – சொந்த வீட்டு மனுஷரிடம் ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை. மருமகள் மாமனாரிடம் கேட்கிற கேள்வியா அது?

சென்னையில் வேலை பார்க்கும் கணவருக்குப் போன் போட்டேன். "நீயே கேளேன். எனக்கு ஒரு மாதிரியா இருக்குது" என்றார். ஆஹா, பெற்ற பிள்ளை!

ஆனால் என்னை உறுத்தியது வேறு விஷயம். எங்கள் வேலையில் ஒரு விதி. டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற நோயாளிக்கு, 'மூலமாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தால் அதை மூலம் என்று போடக் கூடாது. கண்ணுக்குத் தெரிந்த அறிகுறியை மட்டும்தான் போட வேண்டும் – ரத்தப்போக்கு. 'இருக்கலாம்' என்று ஒரு நோய் கிடையாது. மாமாவையோ எந்த டாக்டரும் பார்க்கவே இல்லை. மூலம் என்று சொன்னது யார்? அவரே. ஆமாம் போட்டது யார்? பொடி விற்றவர்!

வெளுத்த அந்த முகத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியுமா?

மறுநாள் காலை மாமா கூடத்தில் உட்கார்ந்து இஞ்சி சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அத்தை. நான் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"மாமா, நீங்க எதையும் விளக்க வேணாம். நம்பர் மட்டும் சொல்லுங்க. ஒன்னு – ரத்தம் மட்டும், வெளிய எதுவும் வராது. ரெண்டு – வெளிய வரும், தானா உள்ள போயிடும். மூணு – கையால தள்ளணும். நாலு – தள்ளினாலும் போவாது."

இஞ்சி சீவும் சத்தம் நின்றுவிட்டது. எழுந்து போய்விடுவாரோ? இனிமேல் என் முகத்தைப் பார்த்துப் பேசுவாரா?

"...ரெண்டு" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் 'ரெண்டு'க்கு இவ்வளவு வெளுப்பு எப்படி?

"இன்னும் ஒரே கேள்வி மாமா. ரத்தம் எப்படி? ஒன்னு – கடைசியா, சொட்டுச் சொட்டா, பளிச்சுனு சிவப்பு. ரெண்டு – வெளிக்குப் போறதோட கலந்து, கருஞ்சிவப்பா."

"ரெண்டுதான்." இந்த முறை யோசிக்கவே இல்லை. "ஏம்மா... இந்த ரெண்டு கெட்டதா?"

"தெரியல மாமா. அதான் இன்னிக்கே டாக்டர்கிட்ட போவணும்."

"பௌர்ணமி முடிஞ்சி..."

"பௌர்ணமி அடுத்த மாசமும் வரும். நீங்க இருக்கணும் இல்ல?"

கத்திவிட்டேன். மாமனாரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. வருத்தமெல்லாம் இல்லை. அவர் இஞ்சியைத் தட்டில் போட்டுவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டினார்.

டவுனில் டாக்டர், 'கலந்து வருது' என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த நாள் குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்த்தார்கள். மூலம் இருந்தது – இரண்டாம் கிரேடு, மாமா சொன்னது அச்சு அசல். அதற்கும் மேலே ஒரு கட்டி. ரத்தம் பெரும்பாலும் அதிலிருந்துதானாம். அங்கேயே வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

ரிசல்ட் வருவதற்குள் பௌர்ணமி வந்துவிட்டது. கடை மூடிக் கிடந்தது. சாயங்காலம் ஜனங்கள் சாரை சாரையாக நடக்க, மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒருவேளை அது... பெரிய வியாதியா இருந்தா, அதுக்கும் நம்பர் இருக்குதா?"

"இருக்குது மாமா."

வேறென்ன சொல்வேன்? அந்த நம்பர் எனக்கு மனப்பாடம்.

ரிசல்ட் வந்தது. புற்றுநோய் இல்லை. "அப்படியே விட்டிருந்தா மாறியிருக்கலாம்" என்றார் டாக்டர். அத்தை மலையைப் பார்த்துக் கும்பிட்டார். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

வார்த்தையாகக் கேட்டிருந்தால் மாமா செத்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார். எண்ணாகக் கேட்டதால் சொன்னார். உங்கள் வீட்டில் யாராவது 'சூடு ஜாஸ்தி' என்று பொடி தின்றுகொண்டிருக்கிறார்களா... கொஞ்சம் பாருங்கள்.

மாமா இப்போது பழையபடி கடையில். நேற்று ஓர் ஆட்டோக்காரர் பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே ஜூஸ் குடித்தார்.

"உக்காருப்பா."

"வேணாண்ணா. நாள் பூரா வண்டில உக்காந்து... சூடு ஜாஸ்தியாயிடுச்சி."

மாமா மெஷினை நிறுத்தினார். கிட்டே போனார். குரலை இறக்கினார்.

"விளக்கமெல்லாம் வேணாம். நம்பர் மட்டும் சொல்லு."