கன்னிவாடி மலையில் ஒரு கதவு

பிறருடைய கதவு ஒன்றை நான் எரித்திருக்கிறேன். நியூசிலாந்தின் மலைகளில் நடக்கப் போய், ஆளில்லாத குடில் ஒன்றின் தாழ்ப்பாளை நீக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. இங்கே நாள்கணக்கில் மலையில் நடப்பவர்கள் தங்குவதற்கு 'ஹட்' என்னும் மரக்குடில்கள் உண்டு. நான் போனவற்றில் எதற்கும் பூட்டு இல்லை. உள்ளே மெத்தை, இரும்பு அடுப்பு, பக்கத்தில் முன்பு தங்கியவர் வெட்டி அடுக்கிவிட்டுப் போன விறகு. மகள் வீட்டுக்குக் குடியேறிய புதிதில் மருமகன் என்னை அங்கே அழைத்துப்போனார். என் கை பழக்கத்தில் பூட்டைத் தேடியது. திண்டுக்கல்காரன் கை.

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் ஆசிரியராக இருந்தேன். ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் சக ஆசிரியர் லூர்துசாமியும் நானும் கன்னிவாடியிலிருந்து மலையேறினோம். இருவரும் சமவெளிக்காரர்கள். போர்வை என்று ஆளுக்கொரு துண்டுதான் கொண்டுபோயிருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. ஓர் அவரைத் தோட்டத்துக் கொட்டகையின் கதவைத் தள்ளி உள்ளே போனோம். பல் கிட்டியது. சுற்றிலும் விறகெல்லாம் ஊறிக் கிடக்க, காய்ந்த மரம் என்று இருந்தது அந்தக் கதவு ஒன்றுதான்.

"வேணாம் சார், யாரு கதவோ," என்றார் லூர்துசாமி.

"இந்தக் காட்டுல யாருய்யா வரப்போறா? செத்த நேரம் போனா வெறச்சுப் போயிருவோம். கழட்டுய்யா."

மூலையில் விதை மூட்டைகள் இருந்தன. ஒரு கொட்டையைக்கூட நாங்கள் தொடவில்லை. அந்த நேர்மையை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டே குளிர்காய்ந்தோம். காலையில் கதவில்லாத கொட்டகையை அப்படியே விட்டுவிட்டு இறங்கிவிட்டோம். பிறகு பல வருடங்கள் ஆசிரியர் அறையில் அது என் வேடிக்கைக் கதை.

அதே கதையை இங்கே ஒரு ஹட்டில், அடுப்பைச் சுற்றி ஈரக் காலுறைகளை உலர்த்திக்கொண்டிருந்தவர்களிடம் என் ஆங்கிலத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி மட்டும், "திரும்பிப் போனீர்களா?" என்று கேட்டாள். பத்திரமாக வீடு திரும்பியதைக் கேட்கிறாள் என்று நினைத்து, "போனோமே, மதியம் கன்னிவாடியில் பரோட்டா," என்றேன். "அந்தக் கதவுக்குச் சொந்தக்காரரிடம்," என்றாள். பிறகு எழுந்து, நாளை வருபவர்களுக்காக விறகு பிளக்கப் போய்விட்டாள்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, வேம்பில் ஒரு கதவு செய்து ஜீப்பில் ஏற்றினேன். சாலை முடிந்த இடத்திலிருந்து லூர்துசாமியும் ஜீப்காரரும் அதைத் தூக்கிவர, நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். கொட்டகை வாசலில் கோணி தொங்கியது. தோட்டத்துக்காரி குருவம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தக் கதவத் தின்ன ஆளு நீங்கதானா வாத்தியாரே? மறுநாள் வந்து பாத்தா பன்னி உள்ள நிக்குது. வெத அவரை அம்புட்டும் போச்சு. அந்த வருசந்தான் எம் மகன் கேரளாவுக்குக் கூலிக்குப் போனான். அங்கனயே தங்கிட்டான்."

நான் வாசலில் தொங்கிய கோணியை அவிழ்த்தேன். லூர்துசாமி கதவை மாட்டி முடித்தார். குருவம்மாள் அதை இருமுறை சாத்தித் திறந்து பார்த்தாள்.

"பூட்டு எங்க?"

"நான் இருக்குற நாட்டுல மலைக் கொட்டகைக்குப் பூட்டே கிடையாதும்மா. நனைஞ்சு வாரவங்க யாரும் தங்கிக்கலாம்."

"இங்கயும் அப்படித்தான் இருந்துச்சு. அங்க ஒங்கள மாதிரி வாத்தியாருங்க வரல போல."

லூர்துசாமி சிரிப்பை அடக்க இருமினார். மறுநாள் திண்டுக்கல் கடையில் கனமான பூட்டாகப் பார்த்து வாங்கி, மறுபடியும் மலையேறினேன். அவள் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவி ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"வச்சுக்கங்க. வந்தா தெறந்து படுங்க. இனிமே எரிக்க மாட்டீகல்ல?"

இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. மருமகனுக்காக, சாலைக்குப் பக்கத்து ஹட் வரைக்கும் போவதோடு சரி. மழை நாளில் யாராவது சொட்டச் சொட்ட நனைந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார்கள். நகர்ந்து இடம் கொடுப்பேன். அதே மழையில் கன்னிவாடி மலையில் ஒருவர் என் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, நனைந்தபடி மேலே நடந்துகொண்டிருக்கக்கூடும். சாவி இங்கே என் சட்டைப்பையில் இருக்கிறது.