கோட்டைக் காசும் ராசா தலைச் சதமும்

அதுதான் சொல்கிறேன் பிள்ளை, நீர் கேட்டது பாதிக் கதை. என் மச்சாளை நான் வைத்துப் பார்ப்பது அவளிடம் கோட்டைப் புதையல் இருப்பதால்தான் என்று கிணற்றடியில் சொன்னார்களாக்கும்? சொன்னது யாரென்றும் எனக்குத் தெரியும். அந்த மனிசியின் வாய்க்குப் படலைக் கதவு கட்ட ஏலாது. இந்தப் பலகையை இழுத்துப் போட்டு இரும். நான் பனங்கிழங்கைக் கிழித்துக்கொண்டே சொல்கிறேன்.

புதையல் இருந்தது உண்மைதான். ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையச் செப்புக் காசு!

நான் கரம்பொன்னில் பிறந்தவள். கடல் தாண்டி இந்த நெடுந்தீவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கட்டியவர் நாலாம் மாதமே தெற்கே சுருட்டுக் கடைக்குப் போய்விட்டார், வருசத்துக்கு ஒரு தடவை வருவார். வீட்டில் அவரைப் பெற்ற மாமி, மாமியின் மகள், நான். அந்த மகள்தான் இந்த மச்சாள். கல்யாணம் கட்டாதவள், என்னைவிட இரண்டு வயது மூப்பு. பிறகு எனக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஆடு மேய்ப்பது மச்சாளுக்கும் எனக்கும் உள்ள வேலை. ஆடுகள் நேரே பறங்கிக் கோட்டைக்குத்தான் போகும். கூரையில்லை, கதவில்லை, கடலில் எடுத்த முருகைக்கல் சுவர் மட்டும் நிற்கும். உள்ளே ஆடும் மட்டக்குதிரையும்தான் அரசாட்சி.

அங்கே காசு எடுப்பது எப்படியென்று உமக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சோளகக் காற்றுப் பிடித்தால் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். காசு பாரம், போகாது. ஆனால் களிம்பு பிடித்து மண்ணின் நிறத்தில் கிடக்கும், கண்ணுக்குப் பிடிபடாது. காலுக்குத்தான் பிடிபடும். உச்சி வெயிலில் வெறுங்காலோடு மெல்ல மெல்ல நடக்கவேண்டும். மண் சுடுவது பரவலான சூடு. காசு சுடுவது வட்டமாக, கொள்ளியைத் தொட்டு வைத்த மாதிரி. 'ஆ' என்று காலைத் தூக்கினால் அந்த இடத்தில் காசு!

"எடி கள்ளி, அது என்ரை காலடி! நான் தூக்க முந்தி நீ குனிஞ்சிட்டாய்!" என்பாள் மச்சாள்.

"உம்மடை கால் அகலத்துக்குப் பார்த்தால் இந்தத் தீவு முழுக்க உம்மடை காலடிதான் மச்சாள்!"

சிரித்துச் சிரித்து வயிறு நோகும். எடுத்ததைப் பழப்புளி போட்டுத் தேய்ப்போம். ஒரு பக்கத்தில் ஆட்டுக்கொம்பு மாதிரி ஒரு கீறலும் இரண்டு வளையமும் இருக்கும். எழுத்தோ என்னவோ! எனக்கு 'அ'வன்னாவே தெரியாது, பறங்கியின் எழுத்து தெரியாமல் போனதில் என்ன குறை? மாமி கண்டால் செத்தவன் காசு என்று எறிந்துவிடுவார். அதனால் சிரட்டையை ஆட்டுக்கொட்டில் கூரைக்குள் செருகி வைத்தோம். அதில் ஒன்று பெரியது, மகள் என் இடுப்பில் இருந்த நாளில் என் காலில் பட்டது. மற்றப் பக்கத்தில் ஒரு சிங்கம். மகள் அதைப் "பூனை" என்பாள். அதைக் கையில் கொடுத்தால்தான் சோறு இறங்கும்.

மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது, ஆடி மாதம், காய்ச்சல் வந்தது. வைத்தியம் பார்க்கிற பரியாரியார் குடிநீர் அவித்துத் தந்தார். நாலாம் நாளும் விடவில்லை. நயினாதீவுக் கோயில் அம்மாளுக்கு நேர்த்தி வை என்றார் மாமி. சோளகக் கடலில் தோணி போகாது. அப்படியான நேரத்தில் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமித்தட்டில் வைப்போம். கடல் அடங்கியதும் கொண்டுபோய் உண்டியலில் போடவேண்டும். மாமி தன் ஓலைக் கொட்டைப்பெட்டியிலிருந்து ஒரு சதக் காசு எடுத்துத் தந்தார், ராசா தலை போட்டது. அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். கடையில் கொடுக்கிற காசு. பிள்ளையைக் கேட்டு இதையா கொடுப்பது என்று நினைத்தேன். என்னிடம் இருந்ததில் நல்லது அந்தப் பூனைக் காசு. மாமி அங்காலே திரும்பிய நேரம் சதத்தைக் கொட்டைப்பெட்டியில் திரும்பப் போட்டுவிட்டு, பூனைக் காசை முடிந்து வைத்தேன்.

ஏழாம் நாள் பிள்ளை போய்விட்டாள். அன்றைக்கு ஆடொன்று கட்டறுத்துப் பக்கத்து வளவு முருங்கைக் கன்றைத் தின்றுவிட்டது. அதுதான் தெளிவாக நினைவிருக்கிறது.

ஒரு கிழமைக்குப் பிறகு சாமித்தட்டைத் துடைத்த மாமி முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார்.

"செல்லாத காசை முடிஞ்சு வைச்சால் அம்மாள் எப்பிடியடி எடுப்பா?"

சத்தம் போடவில்லை. பிறகு கஞ்சி வார்த்துத் தந்தார். நானும் குடித்தேன்.

அழுகை வரவில்லை, பிள்ளை. ஆடு மேய்த்தேன், தண்ணீர் அள்ளினேன், சோறு சமைத்தேன். ஒருநாள் கோட்டைக்குள் நின்றுகொண்டிருந்தேன், எவ்வளவு நேரமென்று தெரியாது. மச்சாள் ஓடிவந்து என்னைப் பிடித்து இழுத்தாள்.

"காலுக்குக் கீழை காசு கிடக்கடி! உனக்குச் சுடேல்லையே?"

பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் வட்டமாகக் கொப்புளம். எனக்குச் சுடவேயில்லை. காசை எடுக்கச் சொன்னாள். நீரே எடும் என்றேன். அவளும் எடுக்கவில்லை.

புரட்டாதியில் காற்று விழுந்தது. மாமி முடிச்சைக் கடலில் எறியச் சொன்னார். எனக்கு ஒன்று தெரியவேண்டியிருந்தது: என் காசால்தானா பிள்ளை போனாள்? மச்சாளும் நானும் தோணியேறி நயினாதீவுக்குப் போனோம். வழியெல்லாம் அவள் மடியைக் கையால் பொத்திக்கொண்டே இருந்தாள். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, ஆனால் அன்றைக்கு வாந்தி சத்திகூட வரவில்லை.

கோயிலில் ஐயரிடம் காசை நீட்டினேன்.

"ஐயா, இது அம்மாளுக்குச் செல்லுமோ?"

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கை எடுத்தனீங்கள்?"

"கோட்டையிலை."

"போடுறதெண்டால் போடுங்கோ. திரை விலத்தப் போறம், வழியிலை நிக்காதேங்கோ."

அவ்வளவுதான். தூணோடு போய் நின்றேன். மச்சாள் தன் மடியிலிருந்து ஒரு மஞ்சள் முடிச்சை எடுத்து என் கையில் வைத்தாள். அவிழ்த்தேன். ராசா தலைச் சதம்.

"நீ அண்டைக்குச் சதத்தைத் திருப்பிப் போட்டதைக் கண்டனான்," என்றாள். "எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. அதையே எடுத்து முடிஞ்சு அம்மாள் படத்துக்குப் பின்னாலை மறைச்சு வைச்சனான்."

"அண்டைக்கேயோ?"

"ஓம், அண்டைக்கே. உன்ரை முடிச்சு வைச்சு அரை நாழியும் ஆகேல்லை."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நல்ல காசையும் அம்மாள் கேக்கேல்லை எண்டு உன்னட்டை எப்பிடியடி சொல்லுறது?"

இரண்டையும் உண்டியலில் போட்டோம், சதம் முதலில், பூனை பின்னால். விழுந்த சத்தத்தில் எது எதென்று பிரிக்க ஏலாது. வெளியே வந்து கச்சான் கடலை வாங்கித் தின்றோம். நல்ல உப்பு. மாமி கொஞ்ச நாள் கொட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டித் தட்டி அந்தச் சதத்தைத் தேடினார். நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. மாமி போகும்வரைக்கும் திறக்கவில்லை.

சிரட்டைக் காசோ? பாத்திரக்காரன் வந்தபோது கொட்டிக் கொடுத்துவிட்டு ஒரு செம்பு வாங்கினோம். வந்ததும் தண்ணீர் குடித்தீரே, அதுதான் புதையல்! கிணற்றடியில் போய்ச் சொல்லும்.

பொறும், உள்ளே மச்சாள் கூப்பிடுகிறாள். அவளுடைய காலுக்கு ஒத்தணம் கொடுக்கிற நேரம். தவிட்டுச் சட்டி அடுப்பில் கிடக்கிறது, கருகப் போகிறது. இந்தக் கிழங்கில் ஆடு வாய் வைக்காமல் ஒருக்கால் பார்த்துக்கொள்ளும்...