லூர்து அண்ணனின் ஃபோகஸ் தப்பவில்லை

லூர்து அண்ணன் போய்விட்டார் என்று வெள்ளிக்கிழமை காலை போன் வந்தபோது, அவரிடம் எந்த முகத்தோடு போய் மன்னிப்புக் கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொடைரோட்டில் அவர் வீட்டுக்குப் போவதாக இருந்தேன். உண்மை தெரிந்த பிறகும் மூன்று நாள் தள்ளிப்போட்டது என் வீம்பு.

திண்டுக்கல் கல்யாண வீடுகளில் அவரை அறியாதவர் உண்டா? அவர் படம் எடுப்பார். நான் என் கடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் திருத்தி ஆல்பம் போடுவேன். பன்னிரண்டு வருஷம் அப்படி ஓடியது. நத்தத்தில் ஒரு கல்யாணத்தில், மாலையை நல்லா எடுங்க என்று தாய்மாமன் ஒருவர் உயிரை வாங்கினார். "மாலை வாடிரும் அப்பு, கண்ணுதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் தன் வேலையைப் பார்த்தார்.

வினை வந்தது செம்பட்டிக் கல்யாணத்தில். தாலி கட்டும் படங்களில் பெண்ணின் முகம் மங்கல். முடிச்சுப் போட பின்னால் நின்ற நாத்தனாரின் மல்லிகைப்பூ மட்டும் பளிச்சென்று இருந்தது. பெண் வீட்டார் கடைக்கு வந்து பேசிய பேச்சை அப்படியே அவர்மேல் கொட்டினேன்.

"ஃபோகஸ கண்ணுலதான் வச்சேன், தாயி" என்றார்.

நான் நம்பவில்லை. அவருக்குப் பார்வை போய்விட்டது என்று, கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஆள் தேடி வந்த உங்களில் எத்தனை பேரிடம் சொன்னேன்! நீங்களும் நம்பினீர்கள். ஒரு வருஷமாக அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரோ என்னைப் பற்றி ஒருவரிடமும் குறை சொல்லவில்லை.

அவர் இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, படம் திருத்தும் மென்பொருளில் ஒரு பிளக்-இன் சேர்த்தேன். எடுத்தவர் எங்கே ஃபோகஸ் வைத்தார் என்பதைப் படத்தின்மேல் சிவப்புக் கட்டமாகக் காட்டும். அந்தத் தாலிப் படங்களைத் திறந்தேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் கட்டம் பெண்ணின் கண்ணில் இருந்தது. கோளாறு லென்ஸில், வைத்த இடத்தை விட்டுப் பின்னால் இருந்ததைத் தெளிவாகப் பிடித்திருக்கிறது. பழசானாலும் பரவாயில்லை என்று அதை அவர் தலையில் கட்டியவள் நான்.

அடக்கத்தன்று கோயில் வாசலில் ஒருவர், "நல்ல மனுசன். கண்ணு மட்டும் போகாம இருந்தா இன்னும் கொஞ்ச வருசம் தொழில் பாத்திருப்பாரு" என்றார். என் வாயிலிருந்து புறப்பட்ட பேச்சு அது. அப்போதும் அதைத் திருத்தாமல் உள்ளே போனேன், பாவி.

இப்போது கடையில் நான் மட்டும். படம் எப்படி வந்திருக்கிறது என்று முன்பு அவர் போனில் கேட்பார், இனி அப்படிக் கேட்க ஆளில்லை. அவர் நினைவாக நான் வைத்திருப்பது அந்தச் செம்பட்டிப் படங்களைத்தான். லூர்து அண்ணனுக்குக் கண் போகவில்லை. நம்பாதவர்கள் கடைக்கு வாருங்கள், திறந்து காட்டுகிறேன்.