அம்மன் கல்லைத் தூக்கியவர்கள்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வருடாவருடம் ஒரு கதை சொல்வார்கள். எங்கள் முன்னோர் அம்மன் கல்லைச் சுமந்து மலையேறி வந்த கதை. நடுவில், "கல்லுக்குத் தோள் குடுத்தது யாரு?" என்று கேட்பார்கள். அந்த வருடம் இறந்தவர்களின் பெயரை வீட்டார் சொல்ல, கூட்டம் "தூக்கு!" என்று கத்தும். சின்ன வயதில் தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன்.

போன வருடம் கதை சொல்ல என்னை விட்டார்கள். கேம்பஸில் வரலாறு படிக்கிற திமிர் எனக்கு. இப்போது இறந்தவர் அந்தக் காலத்தில் எப்படிக் கல் தூக்குவார்? அந்த இடத்தையே வெட்டிவிட்டேன்.

பிரசாதம் கொடுக்கும்போது செல்வி அத்தை என் கையைப் பிடித்தார்.

"நல்லாத்தான் சொன்ன பாப்பா. எங்க வீட்டுக்காரரு பேரத்தான் கேக்கவே இல்ல."

ஓடிப்போய் மைக்கை எடுத்தேன். "ஒரு எடத்த விட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க!"

"சுண்டல் ஆறுது, சீக்கிரம் சொல்லு!" என்றார் ஒருவர். சிரிப்பு அடங்கியதும் கேட்டேன்: "கல்லுக்குத் தோள் குடுத்தது யாரு?"

புருஷன் பெயரை ஒருநாளும் வாயால் சொல்லாத அத்தை எழுந்து நின்று சொன்னார்: "மருதமுத்து."

"தூக்கு!" என்று எல்லோரும் கத்தினோம்.

பரீட்சையில் இதை எழுத முடியாது. ஆனால் யாராவது கேட்டால், மருதமுத்து மாமாவும் தூக்கினார் என்றுதான் சொல்வேன்.